வயசு என்ன பாஸ்... முடிஞ்சதா, நடக்குதா?

காலேஜ்ல ரத்ததான முகாம். "நீதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே, டோனர் லிஸ்ட்டுக்கு ஒரு ஃபார்ம் போட்டுக் கொடுப்பா"னு என்.எஸ்.எஸ். சார் உங்க தலையில கட்டிட்டார். நீங்களும் ஆக்சஸைத் திறந்து பெயர், பிளட் குரூப், பிறந்த தேதி, வயசுனு வரிசையா ஃபீல்டு போடுறீங்க. கொஞ்சம் பொறுங்க, அந்த வயசு மட்டும் வேண்டாம்!

ஏன்னா, பிறந்த தேதி மாறாது. வயசு வருஷா வருஷம் ஏறும். இன்னிக்கு 19-னு டைப் பண்ணி வெச்சா, நீங்க டிகிரி வாங்கிட்டுப் போன பிறகும் அந்த டேபிளில் என்றும் பத்தொன்பதுதான்! கேட்க ஜாலியா இருக்கும். ஆனா லிஸ்ட் தப்பு. டேபிளில் பிறந்த தேதி போதும். ஃபார்மில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வெச்சு, அதோட கண்ட்ரோல் சோர்ஸில் ஃபார்முலா கொடுத்துட்டா, வயசை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும்.

எந்த ஃபார்முலா? இங்கேதான் வில்லன் என்ட்ரி! ஆக்சஸில் டேட்-டிஃப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தனை வருஷம்னு கேட்டா டக்குனு சொல்லும். ஆனா அது எண்ணுறது முடிஞ்ச வருஷத்தை இல்லை. எத்தனை ஜனவரி 1 தாண்டியிருக்குங்கிறதை. 2024 டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயசுனு சொல்லிடும்!

இது சிரிச்சிட்டுப் போற விஷயம் இல்லை. ரத்தம் கொடுக்க 18 வயசு முடிஞ்சிருக்கணும். 2007 டிசம்பர் 20-ல் பிறந்த ஜூனியர் ஒருத்தன், 2025 ஜனவரி 5-ல் முகாமுக்கு வர்றான்னு வைங்க. நிஜத்துல 17. டேட்-டிஃப் சொல்றது 18. ஊசி ரெடி!

நம்ம பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. "பதினேழு முடிஞ்சு பதினெட்டு நடக்குது"னு தெளிவா சொல்வாங்க. டேட்-டிஃப் என்ன பண்ணுதுன்னா, அந்த வருஷப் பிறந்தநாள் வர்றதுக்கு முன்னாடி நடக்குற வயசையும், வந்த பிறகு முடிஞ்ச வயசையும் சொல்லிக் குழப்புது.

வைத்தியம் சிம்பிள். மாசத்தையும் தேதியையும் சேர்த்து நாலு இலக்கமா எழுதுங்க. ஜூனியரோடது 1220, முகாம் நாள் 0105. முகாம் நாள் சின்னதா இருந்தா பிறந்தநாள் இன்னும் வரலை, ஒண்ணைக் கழிச்சிடுங்க. 18 போய் 17 ஆயிடும். மை எஸ்க்யூஎல் பார்ட்டிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே டைம்ஸ்டாம்ப்-டிஃப், முடிஞ்ச வருஷத்தையே கொடுத்துடும்.

"மொத்த நாளை 365-ஆல வகுத்தா போதாதா?"னு கேட்கிறீங்களா? அவனோட 18 வருஷத்துல அஞ்சு பிப்ரவரி 29 வருது. அதனால டிசம்பர் 20-க்குப் பதிலா, 2025 டிசம்பர் 15-லேயே 18 முடிஞ்சிட்டதா காட்டும்.

இன்னொண்ணு. வயசு எந்தத் தேதிக்கு? சிவில் சர்வீசஸ் தேர்வுல, தேர்வு வருஷத்தோட ஆகஸ்ட் 1-ஐ வெச்சுத்தான் வயசு பார்க்கிறாங்க. உங்க ஃபார்மிலும் பெயர் கொடுக்குற தேதி இல்லாம, முகாம் தேதியை வெச்சுக் கணக்குப் போடுங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். முகாமுக்கு முந்தின நாள் 18 முடிச்சவர், அன்னிக்கே முடிக்கிறவர், மறுநாள் முடிக்கப்போறவர்னு மூணு தேதி போட்டுப் பாருங்க. 18, 18, 17-னு வந்தா ஃபார்மை தைரியமா சார்கிட்ட கொடுங்க. அந்த மூணாவது ஆளுக்கு ஊசி வேண்டாம்... மறுநாள் கேக் வாங்கிக் கொடுங்க!