பன்னிரண்டு வயதில் மட்டையைப் பிடுங்காதீர்!



வடக்கே கிள்ளான், தெற்கே பந்திங், நடுவில் நம் ஜெஞ்சாரோம். பூப்பந்தைப் பற்றிப் பேச இவ்வட்டாரத்தாருக்குச் சற்று அதிகமாகவே உரிமையுண்டு. பந்திங்கைச் சேர்ந்த சீடேக் சகோதரர்களில் ராசிப், ஜலானி இருவரும் 1992இல் பார்சிலோனாவில் பெற்ற வெண்கலந்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அவர்களுக்கு முதல் பயிற்றுநர் அவர்களைப் பெற்ற தந்தையே. கிள்ளானோ நமக்குத் தீனா முரளிதரனைத் தந்திருக்கிறது.

2025 ஆகஸ்டு 31. நாடு சுதந்திர நாளைக் கொண்டாடிய அன்று, பாரிசு நகரில் உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியின் மகளிர் இரட்டையர் இறுதியாட்டம். பியர்லி தானும் தீனாவும் சீன இணையரிடம் போராடித் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றனர். மலேசிய மகளிர் இரட்டையர் ஒருவரும் அதற்குமுன் அந்த இறுதியாட்டத்தை எட்டியதில்லை. அன்றிரவு புலனக் குழுக்களெல்லாம் வாழ்த்துப் படங்களால் நிறைந்தன. 'நம் இனத்துப் பெண்' என்று நாமும் பெருமைப்பட்டுக் கொண்டோம்.

பெருமைப்படுவதில் பிழையில்லை. ஆனால், அந்தப் பெருமையில் நமக்குப் பங்கு உண்டா? இந்தக் கேள்விதான் என்னை எழுதத் தூண்டியது.

ஒரு சிறு கணக்கு

தொடக்கப்பள்ளி ஆசிரியை அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தீனா பிறந்தது 1998 சனவரியில். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடிக்கும் பன்னிரண்டாம் வயதை அவர் அடைந்தது 2010இல். பியர்லியுடன் இணைந்து உலகச் சுற்றுப் போட்டிகளில் முதல் பட்டத்தை வென்றது 2021 மார்ச்சில், சுவிட்சர்லாந்தில். அப்போது அவருக்கு வயது 23.

2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகளில் கலப்புக் குழுப் பிரிவிலும் மகளிர் இரட்டையர் பிரிவிலும் தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுப் பொதுப் போட்டியில் வெற்றி. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை சென்ற முதல் மலேசிய மகளிர் இரட்டையர் இவர்களே. அரையிறுதியில் சீனாவின் சென் சிங் சென் – சியா யீ பானிடம் தோல்வி. வெண்கலத்திற்கான ஆட்டத்தில் சப்பானிய இணையரிடம் தோல்வி. நான்காம் இடம். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஓராண்டு கழித்து, 2025இல், அதே அரங்கத்தில்தான் உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கம். அப்போது தீனாவுக்கு வயது 27.

பன்னிரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடையில் பதினோர் ஆண்டுகள்! எந்த விளையாட்டாளரை எடுத்துக்கொண்டாலும் இப்படிப்பட்ட ஆண்டுகள் உண்டு. அவை புலனத்தில் வருவதில்லை. அதிகாலையில் எழுப்புவதும், பயிற்சிக்கு ஏற்றிச் செல்வதும், முதற்சுற்றிலேயே தோற்றுவந்த பிள்ளைக்குச் சோறு போட்டு 'நாளைக்கும் போ' என்று சொல்வதும் அந்த ஆண்டுகளில்தான் நடக்கின்றன. பதக்கம் அதற்குப் பிறகு வருவது.

அந்த ஆண்டுகளின் வாசலில் நிற்பவர்கள் யார்? ஆறாம் ஆண்டு ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நீங்களுந்தான்.

நான் செய்த தவறு

பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2012இல் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மெலிந்த உருவம், ஆனால் பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்துவிட்டால் கால்கள் தரையில் நில்லா. தோழி ஒருத்தியுடன் இரட்டையர் ஆடுவாள். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் முதற்சுற்றில் வென்று இரண்டாம் சுற்றில் தோற்றார்கள்.

மறு ஆண்டு யு.பி.எஸ்.ஆர் தேர்வு. கணிதத்தில் அவளுக்குப் புள்ளி குறைவு. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கு எடுத்துக்கொண்டேன். மாலையில் கூடுதல் வகுப்பும் வைத்தேன். அவள் தந்தையை அழைத்து, "விளையாடியது போதுங்க ஐயா, இனிமேல் படிக்கட்டும். அப்படியொன்றும் வெற்றி பெறவில்லையே" என்றேன். அவர் லாரி ஓட்டுநர். ஆசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டினார்.

கணிதத்தில் அவள் நல்ல தேர்ச்சி பெற்றாள். பள்ளியில் என்னைப் பாராட்டினார்கள். மட்டையை அவள் மீண்டும் எடுக்கவில்லை.

அவள் இன்னொரு தீனாவாகியிருப்பாளா? பெரும்பாலும் இல்லை. ஆயிரம் பிள்ளைகள் ஆடினால் ஒருவர் உலக அரங்கை எட்டுவதே அரிது. அது எனக்குத் தெரியும். ஆனால், 'இல்லை' என்று பன்னிரண்டு வயதிலேயே தீர்ப்பெழுத எனக்கு என்ன உரிமை? இரண்டாம் சுற்றுத் தோல்வி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அளந்தேனே, அதுதான் என் தவறு.

படிப்பா? விளையாட்டா?

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. மட்டைக்கும் பந்துக்கும் காலணிக்கும் பணம் வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மாலை ஏழு மணிக்குப் பெண்பிள்ளையைத் தனியாக விட இயலாது. விளையாட்டை நம்பிப் படிப்பைக் கைவிட்டால் நாளை யார் சோறு போடுவார்கள்? நியாயமான கேள்விகளே.

ஆனால், ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றொன்று கைகூடும் என்ற எண்ணம் சரியா? கெடா, சுங்கைப் பட்டாணியில் பிறந்த சிவசங்கரியைப் பாருங்கள். சுவர்ப்பந்து ஆடிக்கொண்டே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2022இல் சாலை விபத்தில் படுகாயமுற்றார். மறு ஆண்டே அங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்றார். படிப்பு அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. ஆட்டமும் படிப்பைக் கெடுக்கவில்லை.

யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, நம் மனப்போக்கு போய்விட்டதா? உடற்கல்விப் பாடவேளையை 'ஓய்வு வேளை' என்று கருதும் பழக்கம் நம்மிடமிருந்து நீங்கிவிட்டதா? ஆசிரியர்கள் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லட்டும்.

அறுந்துபோகும் நூல்

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அவள் நன்றாக ஆடுவாள் என்பதும் தெரியாது. கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பாள். நூல் அங்கேதான் அறுந்துபோகிறது.

அயர்லாந்தில் 'ஹர்லிங்' என்றொரு பழைமையான மட்டைப்பந்து ஆட்டம் உண்டு. அதில் உயர்ந்த நிலையில் ஆடுபவர்களும் ஊதியம் பெறுவதில்லை. அவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உள்ளனர். சிறுவயதில் தம் ஊர்க் கழகத்தில் சேரும் பிள்ளை, பள்ளி மாறினாலும் அதே கழகத்தில் ஆடி வளர்கிறது. பெரியவனாகிப் புகழ் பெற்றபின்னும் பெரும்பாலும் அதே கழகத்திற்கே ஆடுகிறது. ஊரே அந்த நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்மால் முடியாததா இது?

என் சிற்றறிவுக்கு எட்டிய சில வழிகள்:

1. உடற்கல்விப் பாடவேளையை வேறெதற்கும் எடுக்காதிருப்போம். தலைமையாசிரியர்கள் இதில் உறுதியாக நிற்கவேண்டும்.

2. ஆறாம் ஆண்டை முடிக்கும் விளையாட்டுத் திறனுள்ள மாணாக்கரைப் பற்றி, அவர்கள் சேரப்போகும் இடைநிலைப்பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். ஒரு பக்கம் போதும். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்றவற்றின் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முறையையும் பெற்றோருக்கு நாமே விளக்குவோம்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் விருந்துக்கும் மேடை அலங்காரத்திற்கும் செலவிடுவதில் ஒரு பகுதியைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேனுக்கு ஒதுக்கட்டும். பெண்பிள்ளைகள் பயிற்சியைத் தொடர இதைவிடப் பெரிய உதவி இல்லை.

4. பெற்றோர்களே, தோற்றுவரும் பிள்ளையிடம் "ஏன் தோற்றாய்?" என்று கேட்குமுன், "நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

இரவுச் சந்தையில்

2025 செப்டம்பரில் ஓர் இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, "டீச்சர்!" என்று ஒரு குரல். அதே மாணவி! இப்போது ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நல்ல வேலை, நல்ல சம்பளம். என் கணிதம் வீணாகவில்லை என்று மகிழ்ந்தேன்.

பேச்சு பாரிசு இறுதியாட்டத்தின் பக்கம் போயிற்று. "முழு ஆட்டத்தையும் பார்த்தேன் டீச்சர்" என்றாள். சற்று நேரம் பைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"நானும் இரட்டையர்தானே ஆடினேன், ஞாபகம் இருக்கா டீச்சர்?"

அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

இவ்வாண்டும் என் வகுப்பில் மட்டையோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் கையிலிருப்பதைப் பிடுங்காமல் இருப்போம். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

சிந்திப்போம்.