விலக்க வேண்டியவை வேறு

கீமோதெரபி தொடங்கியதும் உற்றார் கூறும் அறிவுரைகள் இரண்டு: நாயையும் பூனையையும் கொடுத்துவிடுங்கள், வெளியூர்ப் பயணத்தை மறந்துவிடுங்கள். எங்களில் ஒருவர் சிகிச்சை பெற்றுவரும் இந்நாள்களிலும் இவ்விரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. தெருவிலிருந்து தத்தெடுத்த உயிர்களை மீண்டும் தெருவில் விடுவது மருத்துவமன்று; அச்சமே.

வேண்டுவது விலக்கமன்று, ஒழுங்கு. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். ஆதலின் அதனை நோயாளி தொடலாகாது. துணைவர் நாள்தோறும் அகற்றிக் கைகழுவுதல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடலாகாது. கடியோ கீறலோ நேர்ந்தால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

பயணத்துக்கும் இதுவே நெறி. வெள்ளணுக்கள் தேறி, மருத்துவர் இசைந்த வார இறுதியில் மட்டும் சென்னையிலிருந்து புதுச்சேரி சென்று வருகிறோம். வெப்பமானி உடன் வரும். உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனையை அடையவேண்டும்.

நோயாளிக்கு மட்டுமன்று, இரவுபகல் பேணும் துணைவருக்கும் இம்மகிழ்ச்சிகள் தேவை. எனவே, எதையும் கைவிடுமுன் உறவினரையன்று, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.