சீட்டுப் போட்டது குற்றமா?

"வியாதிக்காரக் குழந்தைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு மருந்து, மறு கட்சிக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்களே, இவர்களுக்கு நெஞ்சில் ஈரம் உண்டா?" என்று கேட்கிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நல்ல மனிதர்கள்தாம், குழந்தைகளிடம் அன்புள்ளவர்கள். அதனாலேயே அவர்களை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. அன்பு தவறான இடத்தில் கோபப்பட்டால் விளைகிற கேடு கொஞ்சமல்ல.

ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மூன்று வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ஈரலில் வருகிற புற்றுநோய் ஒன்று உண்டு. ஹெப்படோபிளாஸ்டோமா என்று பெயர். ஓர் ஆண்டில் பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிக் கட்டியைச் சுருக்கிப் பிறகு அறுத்தெடுக்கிறார்கள். வேறெங்கும் பரவாத கட்டியானால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகின்றன. ஆனால் அந்த மருந்து உயிரைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொள்ளும். முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். ச, ஸ போன்ற எழுத்துகள் காதில் விழாமல் நழுவும். போன செவி திரும்பாது. வளர்ந்தவனுக்கு அது ஒரு குறை. 'அம்மா' என்று சொல்லத் தொடங்கியிருக்கிற குழந்தைக்கோ மொழிக்கே வந்த ஆபத்து. கதை எழுதிப் பிழைக்கிற என்னால் இதைச் சில்லறை நஷ்டமென்று ஒப்புக்கொள்ள முடியாது.

இதற்கு மாற்றாகத் தோன்றியது சோடியம் தயோசல்பேட். போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில் 'ஹைப்போ' என்று கரைத்து வைத்திருந்தார்களே, அதே உப்புதான். சிஸ்பிளாட்டினைப் பற்றிக்கொண்டு அதன் விஷத்தை முறிக்கும். அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். காதில் மருந்தை முறிக்கிற உப்பு கட்டியிலும் முறித்துவிட்டால்? காது பிழைக்கும், குழந்தை போய்விடும். சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து உப்பை ஏற்றினால் அந்த அபாயம் இராது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு வேறு, குழந்தை வேறு. கொடுப்பது நல்லதா, கொடுக்காதது நல்லதா என்று உலகத்தில் ஒருவருக்குமே தெரியாதபோது, பெற்றோரின் சம்மதத்தோடு போடுகிற சீட்டு டாக்டரின் பிடிவாதத்தைவிட நியாயமானது.

2007-இல் தொடங்கினார்கள். 12 நாடுகள் சேர்ந்தும், சீட்டுப் போட 109 குழந்தைகள் கிடைக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பிடித்தன. தம் ஊர்க் குழந்தைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிற டாக்டருக்கு விடை கிடைக்குமுன் பென்ஷன் கிடைத்திருக்கும்! 2018-இல் முடிவு வெளியாயிற்று. உப்பு பெறாதவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குச் செவி கெட்டிருந்தது. பெற்றவர்களில் 33 பேருக்கு. மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முன்னவர்களில் நூற்றுக்கு 92, பின்னவர்களில் 98. உப்பு கட்டிக்குத் துணை போகவில்லை.

இந்த நோயில் நாட்டுக்கு நாடு கௌரவமும் இருந்தது. ஐரோப்பியர் முதலில் மருந்து என்றார்கள். அமெரிக்கர் முடிந்தால் முதலில் கத்தி என்றார்கள். இரு சாராரும் ஜெர்மானியரும் ஜப்பானியரும் 1,605 குழந்தைகளின் விவரங்களை ஒரே பேரேட்டில் சேர்த்து, அபாயத்தை அளக்கப் பொது அளவுகோல் ஒன்றை வெளியிட 2017 ஆயிற்று. பொதுவான சோதனை ஒன்றும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

"சோதனை எலிகளாக்கிவிட்டார்கள்" என்பவர்களை ஒன்று கேட்கிறேன். பொதுக் கணக்கு வைக்காமல் அவரவர் ஆஸ்பத்திரியில் அவரவர் வழக்கப்படி மருந்து ஏற்றுவது மட்டும் என்னவாம்? அதுவும் சோதனைதான், விடையைக் குறித்துக்கொள்ளாத சோதனை. அதில் ஒரு குழந்தை செவியை இழந்தால் அடுத்த குழந்தைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கோபப்பட வேறு இடம் இருக்கிறது. 2022-இல் அமெரிக்க அரசாங்கம் இந்த மருந்துக்கு அனுமதி வழங்கியது. ஊசி மருந்தாகப் பக்குவம் செய்த அந்த உப்புக்கு, ஒரு குப்பிக்குக் கம்பெனி அங்கே வைத்த விலை பல ஆயிரம் டாலர். 12 நாட்டுக் குழந்தைகள் தங்கள் உடம்பால் சொன்ன விடைக்கு இந்த விலை! குலுக்கிப் போட்ட சீட்டு எந்தத் தகப்பனின் பணப்பையையும் பார்க்கவில்லை. விலைச்சீட்டு பார்க்கிறது. அன்புள்ளவர்கள் அந்தச் சீட்டின்மேல் கோபப்படட்டும். நானும் கூட வருகிறேன்.