வாசல் திறக்கும் முன்பே போய்விடுங்கள்

சிங்கப்பூர் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குப் போகிற நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த உறவினர் யாராவது உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “டிக்கெட் நாள் முழுக்கத்தானே? நிதானமாச் சாப்பிட்டுட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போனாப் போதும். சீக்கிரம் போறவங்க வாசல்ல நிக்கிறாங்க, லேட்டாப் போறவங்க உள்ள நிக்கிறாங்க. எல்லாம் ஒண்ணுதான்.”

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. போய்வந்தவர் சொல்கிறார் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இந்த அறிவுரையைக் கேட்டு நடக்கும் குடும்பம், பெரும்பணம் கொடுத்து வாங்கிய ஒரு நாளின் சிறந்த பகுதியை அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை அந்தப் பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்கு வரும் வாய்ப்பு கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வாதங்களைச் சும்மா விட்டுவிட எனக்கு மனமில்லை.

முதலில் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மற்ற எல்லா வாதங்களும் இதன்மீதுதான் நிற்கின்றன.

ஒரு சவாரி மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றும் என்பது அதன் கட்டுமானத்திலேயே தீர்மானிக்கப்பட்ட விஷயம். கூட்டம் கூடினால் அது வேகமாக ஓடப்போவதில்லை. ஒரே ஒரு தோசைக்கல் உள்ள கடையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் பசியின் நேரத்தை முடிவு செய்கிறது. இங்கும் அப்படித்தான். காத்திருக்கும் நேரம் என்பது முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு ஏறுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வரிசைகளைப் பற்றிய இந்த உறவுக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் கணித நிரூபணமே கொடுத்திருக்கிறார்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சவாரி மணிக்கு 1,000 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூங்கா பத்து மணிக்குத் திறக்கிறது. முதல் இரண்டு மணி நேரமும் மணிக்கு 1,500 பேர் அந்தச் சவாரியைத் தேடி வருகிறார்கள். பதினொரு மணிக்கு வரிசையில் 500 பேர் மிஞ்சி நிற்பார்கள். அரை மணி நேரக் காத்திருப்பு. பன்னிரண்டு மணிக்கு 1,000 பேர். ஒரு மணி நேரம். அதன்பிறகு கூட்டம் ஓய்ந்து மணிக்குச் சரியாக 1,000 பேர்தான் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை குறையுமா? குறையாது. ஏறுகிறவர்களும் வந்து சேர்கிறவர்களும் சமம் என்பதால் அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு மாலைவரை அப்படியே நிற்கும். இரண்டு மணி நேரத்தில் சேர்ந்த பாரத்தை மீதி நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டுக்கு வந்தவருக்கும் மூன்றுக்கு வந்தவருக்கும் வேண்டுமானால் எல்லாம் ஒன்றாக இருக்கலாம். பத்து மணிக்கு வாசலில் நின்றவருக்கு அப்படியில்லை. அவர் நுழையும்போது வரிசையே பிறக்கவில்லை.

‘வாசலில் நிற்பதும் காத்திருப்புதானே’ என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வாசலில் நிற்பது ஒரே ஒரு காத்திருப்பு. அதைக் கொடுத்து, உள்ளே இரண்டு மூன்று பெரிய காத்திருப்புகளைத் தவிர்த்துவிடுகிறீர்கள். முக்கால் மணி நேரம் வெளியே நின்று, மூன்று சவாரிகளுக்குத் தலா பதினைந்து நிமிடம் செலவழித்தால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதே மூன்றுக்கும் நண்பகலில் தலா ஒரு மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். அந்த முக்கால் மணியும் முழுக்க வீணாவதில்லை. சிங்கப்பூரில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சுழலும் உலக உருண்டை நுழைவாயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. படம், கழிப்பறை, பைச் சோதனை எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. அதில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை, கால் வலிதான் மிச்சம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னதாக வருவதன் பலனைப் பூங்கா நடத்தும் நிறுவனங்களே நன்றாக அறிந்திருக்கின்றன. புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போகும் சலுகை உண்டு. டோக்கியோ டிஸ்னியிலும் விடுதி விருந்தினருக்குப் பதினைந்து நிமிட முன்நுழைவு இருக்கிறது. பதினைந்து நிமிடம்! அதைக் காட்டி அறை வாடகை வாங்க முடிகிறதென்றால், அந்த நிமிடங்களுக்கு மதிப்பில்லை என்று எப்படிச் சொல்வது? ஒசாகாவின் யுனிவர்சலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2021இல் அங்கே சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் திறந்தது. கூட்ட நாட்களில் அந்தப் பகுதிக்குள் போக நேரம் குறித்த தனி அனுமதிச் சீட்டு வேண்டும். காலையில் வாசல் திறந்தவுடன் நேராக அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சீட்டு இல்லாமலே நுழைந்துவிடுகிறார்கள். தாமதமாக வருகிறவர்கள் சீட்டு தீர்ந்துபோய், வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதும் நடக்கிறது.

அடுத்தது, ‘சாயங்காலம் கூட்டம் குறையும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். புளோரிடாவின் மேஜிக் கிங்டம் போல இரவு பத்து மணி, அதற்கு மேலும்கூடத் திறந்திருக்கும் பூங்காக்களில், வாணவேடிக்கை நேரத்திலும் கடைசி ஒரு மணி நேரத்திலும் வரிசைகள் கரைவது உண்மை. ஆனால் அந்த அறிவுரையைச் சிங்கப்பூருக்குத் தூக்கிவந்தால் பொருந்தாது. இங்கே பூங்கா பல நாட்களில் மாலை ஏழு மணிக்கே மூடிவிடுகிறது. இரவு என்று ஒன்று கையில் இல்லவே இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் வானம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் தீவு இது. ஆண்டின் நாட்களில் ஏறக்குறையப் பாதியில் எங்காவது இடி இடிக்கிறது. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் அதிகம். நம் ஊர்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கிளம்பும் மே மாதம் அதில் ஒன்று. மின்னல் ஆபத்து என்று எச்சரிக்கை வந்தவுடன் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர், ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரி, தொங்கும் இருக்கைகளில் பறக்கும் கேனோப்பி ஃப்ளையர் எல்லாமே திறந்தவெளியில் உள்ளவை. மூன்று மணிக்கு அவற்றின் வரிசையில் நிற்கும்போது மேகம் கறுத்தால் காத்திருந்த நேரமும் போகும், சவாரியும் போகும். சவாரிகளை இழந்த கூட்டம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி ஆகிய உள்ளரங்கச் சவாரிகளுக்குப் பாயும். அங்கேயும் வரிசை நீளும். ஆண்டின் நடுமாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடித்துவரும் மழையும் உண்டு, அன்றைக்குக் காலையும் கெடலாம். ஆனாலும் எந்த வேளையை நம்புவது என்று கேட்டால், காலையைத்தான் சொல்வேன்.

‘வேக வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போகலாமே’ என்கிறார்கள். வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் கூட்டம் கூடும் நாட்களில் அதன் விலை நுழைவுச் சீட்டின் விலையளவுக்கு ஏறிவிடுகிறது. நான்கு பேருக்கு வாங்கினால் ஒரே நாளுக்கு எட்டுச் சீட்டு வாங்கியதுபோல ஆகிவிடும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, பிள்ளைகளை ஒருமுறை வெளிநாடு அழைத்துவரும் பெற்றோரிடம் இதைச் சாதாரணமாகச் சொல்வது எனக்கு நெருடலாக இருக்கிறது. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட் பாஸ் கொண்டுவந்தபோது அது நுழைவுச் சீட்டு வைத்திருந்த எல்லோருக்கும் இலவசம். 2021 முதல் அமெரிக்காவிலும் பாரிஸிலும் வேக வரிசைக்குத் தனிக் காசு வாங்குகிறார்கள். டோக்கியோவில் 2022 முதல். வேக வரிசையில் வருகிறவர்களை ஏற்றுவதற்காகப் பொது வரிசை நிறுத்தி நிறுத்தி நகர்த்தப்படுகிறது. அதாவது பணம் கொடுக்காதவரின் நேரத்திலிருந்துதான் பணம் கொடுத்தவருக்கு நேரம் எடுத்துத் தரப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் சாதாரணக் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது காலையின் முதல் ஒரு மணி நேரம். பாஸ் வாங்கியவர்கள் அவசரப்பட்டு வருவதில்லை. அவர்கள் வந்து சேர்வதற்குள் உங்கள் முக்கியமான சவாரிகள் முடிந்திருக்கும். விலையில்லாமல் கிடைக்கும் அதையும் விட்டுவிடச் சொல்வது என்ன நியாயம்?

பூங்காவின் செயலியில் எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடுகிறதே என்பாரும் உண்டு. தெரியும். தெரிவதால் வரிசை குறைந்துவிடாது.

கடைசியாக வருவது, மனத்தைத் தொடும் வாதம்: ‘சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு காலையில் அடித்துப்பிடித்து ஓட முடியாது.’ அவர்கள் கூட இருப்பதால்தான் ஓட வேண்டும் என்கிறேன். மதிய வெயிலில், அந்த ஈரக் காற்றில், ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது முப்பது வயதுக்காரருக்கு எரிச்சல். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கும் அது தண்டனை. காலையில் வெயிலும் குறைவு, கால்களும் புதிது, குழந்தையும் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும். முக்கியமானவற்றை நண்பகலுக்குள் முடித்துவிட்டால் மதியத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம்: குளிர்சாதன அறையில் நிதானமான சாப்பாடு, வாட்டர்வேர்ல்ட் போன்ற உட்கார்ந்து பார்க்கும் காட்சிகள், குழந்தைக்குத் தள்ளுவண்டியில் ஒரு தூக்கம். நேரம் குறித்து நடக்கும் காட்சிகளுக்கு முன்னதாக வந்து பலனில்லை, அவற்றை மதியத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் போதாத குழந்தை இருந்தால் அப்பாவும் அம்மாவும் மாறி மாறிச் சவாரி போகும் ஏற்பாடும் உண்டு, சவாரியின் வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டால் சொல்வார்.

இந்த வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழு என்றால் நம் உடம்புக்கு நான்கரை. சென்னையிலிருந்து நள்ளிரவு விமானம் ஏறி விடியற்காலையில் வந்திறங்கும் குடும்பம் அன்றைக்கே பூங்காவுக்குப் போனால் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். அதற்காக மதியம் போக வேண்டியதில்லை. முதல் நாள் ஓய்வெடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியா, மெரினா பே என்று சுற்றுங்கள். பூங்காவை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். உடம்பு அதற்குள் பழகிவிடும்.

முன்னதாகப் போய்விட்டு அந்த நேரத்தை வீணாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ‘சீக்கிரம் போயும் பலனில்லை’ என்ற பேச்சுக்கு அவர்களும் ஒரு காரணம். வாசல் திறந்ததும் ஹாலிவுட் வீதியின் கடைகளில் புகுந்துவிட்டால் அந்தக் காலை போய்விடும். கடைகள் மாலை வரை அங்கேயேதான் இருக்கும். எங்கே முதலில் போவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெயர் பெற்ற சவாரியைவிட, குறைவான ஆட்களை ஏற்றும் சவாரிதான் முதலில். கேனோப்பி ஃப்ளையரில் ஒரு வண்டிக்கு நான்கு பேர்தான். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 2013இல் மூடப்பட்டு 2015இல் மீண்டும் திறந்தபோது, ஒரு வரிசையில் நால்வர் அமர்ந்த இடத்தில் இருவர் அமரும் வண்டிகள் வந்தன. ஏறுகிறவர்கள் குறைந்தால் வரிசை நீளும். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் புதிது என்பதால் குழந்தைகள் உள்ள எல்லாக் குடும்பமும் அங்கே திரளும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றில் எது முக்கியமோ அதை முந்தைய நாள் இரவே பேசி முடிவு செய்யுங்கள். இருபது ஹெக்டேர் பரப்புள்ள சிறிய பூங்கா அது; திறந்த சில நிமிடங்களில் எந்த மூலைக்கும் போய்விடலாம்.

ஆண்டுச் சந்தா வைத்திருக்கும் சிங்கப்பூர்வாசிகளுக்கு நான் சொல்வது எதுவும் அவசியமில்லை. அவர்கள் ஐந்து மணிக்குப் போய் ஒரே ஒரு சவாரி ஏறிவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம், அடுத்த வாரம் மறுபடி வரலாம். பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வேலைநாளில் போகிறவர்களுக்கும் தாமதம் அவ்வளவு உறைக்காது. ஆனால் ஊரிலிருந்து ஒரே ஒரு நாளுக்காக, அதுவும் மே மாதத்திலோ டிசம்பரிலோ வருகிற குடும்பம் இந்த இரண்டிலும் சேராது.

எனவே அந்த உறவினரின் பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், நடக்க வேண்டாம். நுழைவுச் சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முந்தைய நாள் இரவு அதைச் சரிபாருங்கள். காலை இட்லியை லிட்டில் இந்தியாவிலேயே முடித்துக்கொண்டு, ஹார்பர்ஃபிரண்ட் வரை எம்.ஆர்.டி., அங்கிருந்து விவோசிட்டி மூன்றாம் தளத்தில் மோனோரயில். வாசல் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, பிள்ளைகளோடு அங்கே நில்லுங்கள்.