எலும்பு தெரிகிற நாய்

என் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "என்ன சார், நாய்க்குச் சோறு போடுகிற வழக்கமே இல்லையா?"

கேட்கிறவர் வீட்டிலே, தூத்துக்குடி வெயிலில், பனிப் பிரதேசத்துக்கென்று பிறந்த ஒரு ரோமக் குவியல் குளிர்சாதன அறையில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும்!

என்னுடையது கன்னி, கோவில்பட்டிக் கரிசல் காட்டிலிருந்து வந்தது. கறுப்பு உடம்பு, கால்களிலும் முகத்திலும் செம்பழுப்பு, கூரிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்ளே இழுத்த வயிறு. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி முயலைத் துரத்துவதற்காக உருவான நாய். தொப்பை போட்டுக்கொண்டு முயலைத் துரத்த முடியுமா? ஒன்றிரண்டு விலா எலும்பு தெரிந்தால் அது சுகமாக இருக்கிறதென்று அர்த்தம்.

சீமை நாய் வளர்ப்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 2003-ல் ஒரு டெலிபோன் விளம்பரத்தில் சப்பை மூக்கு நாயைப் பார்த்துவிட்டு ஊரே அதை வாங்கியது. இன்னொன்றைப் பார்த்தால் அதையும் வாங்கும். என் வழக்கெல்லாம் புதிதாக முளைத்திருக்கிற நாட்டு நாய்ப் பற்றாளர்களோடுதான்.

2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தது. 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்துக் கருப்பிக்காகத் தமிழ்நாடே அழுதது. (அந்தப் படம் எந்த ஜாதியைப் பற்றிப் பேசிற்று என்பதை மறந்துவிட்டு, மறுநாளே ஜாதி நாய் வாங்கக் கிளம்பியவர்களும் உண்டு.) 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரியே வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். பெருமைப்பட்டது சரி. ஓட விட்டீர்களா, ஐயா?

எனக்குக் குட்டி கொடுத்த கிழவர் அப்போதே சொன்னார்: "அண்ணாச்சி, சோறு ஒரு நேரம் கொறஞ்சாலும் பாதகமில்ல. ஓட்டம் கொறையப்படாது. கட்டியே போட்டீகன்னா கெட்டுப் போகும்." நான் கேட்கவில்லை. முதல் மாதம் சங்கிலியிலேயே வைத்திருந்தேன். அது குரைக்கவில்லை, கடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதட்டினால் இரண்டு வேளை பட்டினி. அடித்துப் பழக்கும் நாய் அல்ல இது, ரோஷம் உள்ளது. பிறகுதான் புத்தி வந்து, விடியற்காலையில் உப்பளத்துப் பக்கம் கூட்டிப் போனேன். இடுப்பில் நீளக் கயிறு. கூப்பிட்டவுடன் வந்தால் ஒரு துண்டுக் கருவாடு. மூன்று மாதம் இதே பாடம். கயிறு இல்லாமல் விட்ட முதல் நாள் ஓர் ஆட்டைத் துரத்திவிட்டது. ஆட்டுக்காரரிடம் நான் வாங்கிய வசவு இங்கே எழுதத் தக்கதல்ல. ஆனால் பாத்திகளின் வரப்பில் அது பாய்ந்து வந்த அழகுக்கு அந்த வசவு மலிவுதான்!

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, நியாயந்தான். அதோடு இந்த நாய்களின் தொழில் போயிற்று. மிஞ்சியது ஓட்டம் ஒன்றுதான். அதையும் பறித்துக்கொண்டு, மூன்றாவது மாடிப் பால்கனியில் கட்டி வைத்து, "தமிழன் வீரம்" என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். ராஜபாளையத்தின் கதை இன்னும் மோசம். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை வேண்டும், மூக்கு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் அடம் பிடிக்கிறார். அப்படி நிறத்தையே பார்த்து நெருங்கிய இரத்தத்தில் சேர்த்துச் சேர்த்து, காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. குற்றம் விற்பவன் மேல் மாத்திரமா?

எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. இங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். சிப்பிப் பார்கள் வெறுமையாகி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாமோ ரயிலுக்கு 'முத்துநகர்' என்று பெயர் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறோம்.

போன மாதம் ஒருவர் டெலிபோனில் பால் கன்னிக் குட்டி கேட்டார். ஓடுவதற்கு இடம் இருக்கிறதா என்றேன்.

"இடமா? கேட் ஓரத்திலே கூண்டு பண்ணிவிட்டேன் சார். பேர்ப் பலகைகூடச் சுத்தத் தமிழிலே எழுதியாயிற்று."

குட்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் வீட்டுக் கொல்லையில் ஏழு குட்டிகள் இருந்தன.