ஊர்ப் படம் ஊராருக்கு வேண்டும்!

மேட்டூர் அணையில் தண்ணீர் வெகுவாகக் குறைந்தால், பண்ணவாடி பக்கம் ஓர் அதிசயம் தெரியும். ஏரிக்குள் இருந்து ஒரு நந்தி சிலை வெளியே வரும். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலை காட்டும். மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்ப்பார்கள்.

இவை தண்ணீருக்குள் போனது எப்படி?

ஒரு காலத்தில் அங்கே ஏரி கிடையாது. மலைகளுக்கு நடுவே காவிரி ஓடியது. கரையில் ஊர்களும் வயல்களும் இருந்தன. 1925-ல் அணை வேலை தொடங்கியது. 1934-ல் முடிந்தது. அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி. ஏரியின் பரப்பு சுமார் 59 சதுர மைல். அத்தனை நிலமும் தண்ணீருக்குள் போய்விட்டது. டெல்டா வயல்கள் செழிக்க, இந்த மக்கள் தங்கள் ஊரையே கொடுத்தார்கள்.

அணைக்கு முந்திய பள்ளத்தாக்கை இன்று எங்கே பார்ப்பது? பழைய சர்வே படங்களில்தான் பார்க்க வேண்டும்.

1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தார். அந்தப் பெரிய சர்வே பின்னர் நாடு முழுவதும் பரவியது. பிற்காலத்தில், ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கிப் படங்கள் போட்டார்கள். அவற்றில் ஆறு நீல நிறம். மலை, பழுப்பு நிறக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒரே கோடு சேர்க்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் சமவெளி.

அணை கட்டுவோர் முதலில் பார்ப்பது இந்தக் கோடுகளைத்தான். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறும், யார் வீடு மூழ்கும், யார் வீடு தப்பும் என்பதை அவை சொல்லிவிடும். ஆனால் அந்தப் பழைய படங்களில் ஊர்ப் பெயர்கள் இருந்தது ஆங்கில எழுத்தில்! சொந்த ஊரின் தலையெழுத்தை ஊராரால் படிக்க முடியவில்லை.

இது பழங்கதை மட்டும் அல்ல. ஓடை எங்கே ஓடியது? ஏரிக்கு வாய்க்கால் எந்த வழியாக வந்தது? பழைய படம் சாட்சி சொல்லும். ஆக்கிரமித்தவர் அந்தச் சாட்சியை மிரட்ட முடியாது.

படங்களை வெளியிடுவதில் இருந்த பல தடைகளை மத்திய அரசு 2021-ல் நீக்கியது. அதை வரவேற்கிறோம். ஆனால் அது மட்டும் போதாது. அந்தந்த ஊரின் பழைய படமும் புதிய படமும், தமிழ்ப் பெயர்களுடன், பள்ளிக்கூடச் சுவரிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் தொங்க வேண்டும். நம் பிள்ளைகள் உலகப் படத்தில் லண்டனைக் காட்டுகிறார்கள். தங்கள் ஊர் ஓடையையும் விரல் வைத்துக் காட்டட்டும்!