எழுத விஷயம் தீராது!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் ஆர்வமாக எழுதத் தொடங்குகிறார்கள். இரண்டே வாரத்தில் 'எழுத விஷயமில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், விஷயம் தீரவில்லை. குறித்து வைக்காததால் மறந்துபோனது, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் பைல் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தோன்றியதும் அதைத் திறந்து எஃப்5 கீயை அழுத்துங்கள். தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். பக்கத்தில் ஒரே வரி டைப் செய்து சேவ் செய்யுங்கள். எழுத உட்காரும்போது வெற்றுத் திரை பயமுறுத்தாது.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துவதாக, எழுத்தாளர் ஹெமிங்வே 1958-ல் வெளியான பாரிஸ் ரிவ்யூ பேட்டியில் சொல்லியிருக்கிறார். பாதி எழுதிய புரோகிராமை நானும் அப்படித்தான் விட்டுவிட்டுக் கிளம்புவேன். மறுநாள் தொடங்குவது சுலபம். மூடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தினமும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், போதும்.